சிவப்பு ஒயினும் என் இடது காலும்

தம்பி,

போன வாரம் ஒரு சாயங்காலம், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஊன்றுகோல் இருப்பதால் அது எனக்கு இப்போது மெதுவாக நடக்கிற வேலை. போன் அடித்தது. ஆஸ்திரேலியா எண். நீதான் என்று நினைத்து, கையிலிருந்த சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவசரமாக எடுத்தேன். "மாமா" என்றது ஒரு பெண் குரல்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண். அவளோடு நான் பேசியது அதுதான் முதல் தடவை. "பொண்ணு பாத்தாச்சுப்பா. ஊரு கிள்ளான் பக்கம், வேலை இங்க பெர்த்துலதான். கல்யாணம் இங்கேயே கோயில்ல வெச்சிக்கிறோம். உங்களுக்கு அலைச்சல் வேணாம், அப்புறம் நாங்க வர்றோம்" என்று நீ போனில் தட்டி அனுப்பியதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. "நல்லது தம்பி, சந்தோஷம்" என்று நானும் தட்டி அனுப்பினேன். ஒரு கல்யாணத்தை அப்பனும் மகனும் அப்படிப் பேசி முடித்துவிட்டோம்.

"மாமா, நீங்க அவர் மேல கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையேம்மா. நான் ஏன் கோவப்படணும்?"

"அவர் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. உங்களக் கூப்பிடணும்னு போன எடுப்பாரு, அப்புறம் வெச்சிடுவாரு. ஒரு நாள் விடாமக் கேட்டேன். 'நான் குடுத்த ஒயின்தான் எங்கப்பா கால எடுத்துச்சு, நான் எப்படி அவரு மூஞ்சியப் பாக்கறது'ன்னு சொல்லி அழுதுட்டாரு மாமா."

"நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் போனை வைத்த பிறகு வெகுநேரம் வெளியிலேயே நின்றிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்ன, மழை தூறுது, துணியோட நிக்கிறீங்க?" என்று கேட்டபோதுதான் நனைந்திருப்பது தெரிந்தது.

நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன் தம்பி. ஒற்றைக் காலோடு கிடக்கிற அப்பன் உனக்குப் பாரமாகிவிட்டான் என்று நினைத்திருந்தேன். நீ பொருள் அனுப்புவாய். குளியலறையில் உட்காரும் நாற்காலி வந்தது, சக்கர நாற்காலி வந்தது, சுவரில் பிடித்துக்கொள்ளும் கம்பி வந்தது. கொண்டுவரும் பையன் கையெழுத்து வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவான். அட்டைப்பெட்டியைப் பிரித்து உள்ளே ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. கூப்பிட்டால் "வேலையா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த 'அப்புறம்' வரவே வராது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. எங்கள் மம்பாவ் வரிசை வீடுகளில் இப்போது பல வீட்டில் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் இருக்கிறது. ரத்தக் குழாய்க்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்தவர்களும் குடிப்பவர்களும் இதைப் படிக்கட்டும் என்று அந்தோணிதான் சொன்னார். தன் பெயரை மட்டும் மறக்காமல் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

அந்தோணியை உனக்கு நன்றாகத் தெரியும். படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, ஆபீசில் உட்கார்ந்து குலைகளின் எடையை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் குலைகளை ஏற்றிவந்த டிராக்டரை ஓட்டியவர் அவர். வேலை ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேரும் மம்பாவில் ஒரே சாலையில் வீடு வாங்கினோம். இன்றைக்கும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார்.

உன் அம்மா போன பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களில்தான் கால் வலி ஆரம்பித்தது. நடந்தால் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். கடைக்குப் போகும் வழியில் வலி வந்ததும், யார் வீட்டு வாசலிலாவது நின்று அவர்கள் ரம்புத்தான் மரத்தை அண்ணாந்து பார்ப்பேன். வலி விட்டதும் நடப்பேன். "கிராணி, அந்த மரத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று அந்தோணி ஒரு நாள் கேட்டார். "காய் புடிச்சிருக்கான்னு பாத்தேன்" என்றேன். அது காய்க்கிற பருவமே இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கி அடைபட்டு வருகிறது என்றார். ஆபீசில் உட்கார்ந்தபடி ஊதித் தள்ளிய சிகரெட்டும், வருஷக்கணக்காக இருந்த இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயும் சேர்ந்து செய்த வேலை. மாத்திரை கொடுத்தார். சிகரெட்டை விடச் சொன்னார். அதற்கு மேல் முக்கியமாக ஒன்று சொன்னார். "தினமும் நடக்கணும் அங்கிள். வலி வர்ற வரைக்கும் நடங்க, நில்லுங்க, மறுபடியும் நடங்க. நடக்க நடக்க ரத்தம் வேற சின்னக் குழாய் வழியாப் போகப் பழகிக்கும். இதவிட நல்ல மருந்து என்கிட்ட இல்ல." அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

சிகரெட்டைக் கஷ்டப்பட்டு விட்டேன். நடப்பதுதான் முடியவில்லை. காலையில் சாலைக்கு வந்தால் ஜோடி ஜோடியாக நடப்பார்கள். நான் மட்டும் தனியாக, நின்று நின்று. "வீட்டம்மா இல்லாம நடக்கறது சங்கடமா இருக்கா?" என்று யாராவது அன்பாகக் கேட்டுவிடுவார்கள். சில நாள் நடந்தேன். பிறகு வாசலோடு திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் உன் அம்மாவின் முதல் திதிக்கு நீ வந்தாய். பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தாய். "ரெட் ஒயின்ப்பா. ரத்தக் குழாய்க்கு ரொம்ப நல்லதாம். திராட்சைத் தோல்ல என்னமோ சத்து இருக்காம், குழாயத் தளர்த்தி விடுமாம். ஒரு கிளாஸ்தான், சாப்பாட்டோட" என்றாய். நான் தயங்கினேன். தோட்டத்தில் கள்ளுக்கடைக்குப் பக்கத்தில் குடியிருந்தும் நம் வீட்டுக்குள் குடி வந்ததில்லை. உன் அம்மா விட்டதில்லை. நீ போனில் எதையோ எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாய். என் காலைப் பற்றி நீ அவ்வளவு தேடிப் படித்திருக்கிறாய் என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

நீ திரும்பிப் போன பிறகு முதல் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. மூடியை எப்படி எடுப்பது என்று நீ காட்டவில்லை. அந்தோணி வந்து ஒரு திருகாணியை அந்தத் தக்கையில் முறுக்கி, குறடால் இழுத்தார். ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினோம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னா கிராணி இது, கெட்டுப்போன நாவப்பழச் சாறு மாதிரி இருக்கு. இதுக்கா பிளேன்ல ஏத்தி அனுப்பறாங்க? வேணாம்லா." அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

நான் தொடர்ந்தேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். சனிக்கிழமைதோறும் நீ வீடியோவில் வந்தாய். பெர்த்துக்கும் மம்பாவுக்கும் கடிகாரத்தில் வித்தியாசமில்லை. அங்கே நீ சாப்பாட்டு மேசையில் ஒரு கிளாஸோடு உட்காருவாய். இங்கே நான் ஒரு கிளாஸோடு உட்காருவேன். நான் எவர்சில்வர் தம்ளரில் குடித்ததைப் பார்த்துச் சிரித்து, தீரத் தீர நீ அனுப்பிய பாட்டில்களோடு நீண்ட காம்பு வைத்த கண்ணாடி கிளாஸ்களும் அனுப்பினாய். அதில் ஊற்றி உன்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டுவேன். உன் வேலை, உன் வீட்டு வாடகைக்காரன் செய்யும் சேட்டை, அங்கே அடிக்கும் வெயில், எல்லாம் சொல்வாய். நீ சின்னப் பையனாக இருந்தபோதுகூட நாம் அவ்வளவு பேசியதில்லை. ஒயின் தீர்ந்ததும் பேச்சும் முடியும். அதனால் நான் மெதுவாகக் குடிப்பேன்.

"கால் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பாய். "சூடு ஏறுது தம்பி. நல்லாருக்கு. இப்பல்லாம் வலியே இல்ல" என்பேன். நான் பொய் சொல்லவில்லை. குடித்தால் பாதம் வரைக்கும் கதகதவென்று ஒரு சூடு இறங்கும். வலியும் இல்லைதான். நடந்தால்தானே வலிக்கும்? நான் நடப்பதையே விட்டிருந்தேன். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. உனக்கும் எனக்கும் சந்தோஷம். குழாய் திறந்துகொண்டது என்று இருவரும் நம்பினோம். ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க மட்டும் போய் வந்தேன். உட்கார்ந்து டாக்டரிடம் பேசவில்லை.

செருப்பு உரசி இடது கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. இனிப்பு நீர்க்காரனுக்கு அது வலிக்காது. துணி சுற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அந்தோணி பேப்பர் கொண்டுவந்தவர், வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார். குனிந்து நான் சுற்றியிருந்த துணியை அவரே அவிழ்த்தார். விரல் கறுத்திருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் மகளுடைய காரை எடுத்து வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினார். "ஏன்யா எங்கிட்ட சொல்லல, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மற்றது உனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நீ வந்து சேர்ந்தபோது நான் வார்டில் கிடந்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை நீ பார்த்தாய். உன் சித்தப்பா அங்கே நின்றிருந்தான். எல்லார் முன்னாலும், "ஒயின் அனுப்பி அனுப்பி அப்பன் கால எடுத்துட்டியேடா" என்றான். நீ வெளியே போனாய். நான் மயக்க மருந்து தெளியாமல் இருந்தேன். "டேய், அவன விடு" என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். வாயிலிருந்து சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. நீ கேட்டிருக்க மாட்டாய். இருந்த சில நாளும் கட்டிலின் தலைமாட்டுப் பக்கமே நின்றாய், கால்மாட்டுக்கு வரவில்லை. பிறகு போய்விட்டாய். சனிக்கிழமைகளும் உன்னோடு போய்விட்டன. நான் மட்டும் கொஞ்ச காலம் அந்த நேரத்துக்குப் போனைச் சார்ஜ் போட்டு மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் போன் செய்த மறுநாள், அந்தோணியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய டாக்டரம்மாவையே பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். உள்ளே போனதும், "எனக்கு இன்னைக்கு மருந்து வேண்டாம் டாக்டர். ஒரு கேள்விதான். என் காலை எடுத்தது ஒயினா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு, எவ்வளவு குடித்தேன், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று விசாரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். திராட்சைத் தோலில் இருக்கும் சில பொருட்கள் குழாயின் உட்சுவருக்கு நல்லது செய்யலாம் என்று சிலர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அளவாக ஒயின் குடிக்கிறவர்கள் பெரும்பாலும் வசதியாக, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, நடமாடிக்கொண்டு இருப்பவர்கள். நன்மை ஒயினால் வந்ததா அந்த வாழ்க்கையால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் குடிக்காதவனைப் பார்த்துக் குடிக்க ஆரம்பி என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். அதிலும் இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் தள்ளி இருப்பதுதான் நல்லது என்றார்.

"ஆனா கால் சூடா இருந்துச்சே டாக்டர்."

"அது தோல்ல இருக்கற குழாய் விரியறது அங்கிள். மேலதான் சூடு. உள்ள அடைச்ச பெரிய குழாய் அடைச்சபடியேதான் இருந்திருக்கும்."

"அப்போ ஒயின்தான் எடுத்துச்சா?"

"இல்ல. அந்த அளவு ஒயின் ஒரு கால எடுக்காது. சிகரெட், சீனி, நடக்காதது, புண்ணோட தாமதமா வந்தது, இதெல்லாம்தான். ஒயின் உங்களக் காப்பாத்தவும் இல்ல, கால வெட்டவும் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உங்கள உக்கார வெச்சிடுச்சு, அவ்வளவுதான்" என்றார்.

தம்பி, அவர் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதிவிட்டேன். உன் மனசு ஆறட்டும் என்று 'ஒயினுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை' என்று எழுதியிருக்கலாம். நீ நம்பமாட்டாய். உட்கார வைத்தது என்று அவர் சொன்னாரே, அதில் ஒயினுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. உனக்கும் துளி உண்டு. எனக்குத்தான் அதிகம், நான்தான் அந்தக் காலுக்குச் சொந்தக்காரன். ஆனால் என்னை உட்கார வைத்தது ஒயினின் ருசி இல்லை. அது எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. கிளாஸைக் கீழே வைத்தால் உன் முகம் போய்விடும் என்றுதான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் நான் அப்போதே சொல்லியிருந்தால், நீ ஒயினை விட்டுவிட்டு, "சரிப்பா, போனைச் சட்டைப் பையில வைங்க, பேசிக்கிட்டே நடப்போம்" என்று சொல்லியிருப்பாய். நீ அப்படிப்பட்ட பையன்தான். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தப்பு செய்துவிட்டதாக நினைத்தால் நீ ஒளிந்துகொள்வாய். அது உன் பழைய வழக்கம். பதினேழு வயதில் என் மோட்டார் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துப்போய்ப் பெரிய வடிகாலுக்குள் இறக்கிவிட்டு, போர்டிக்சனில் உன் மாமா வீட்டுக்கு ஓடிவிட்டாய். என்னிடம் அடி வாங்கப் பயந்து ஓடினாய் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது நீ கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்தேன். "மோட்டார் எப்படிப்பா இருக்கு?" என்றாய். "மோட்டார் கெடக்கு. ஒங்கம்மா சோறு திங்க மாட்டேங்கறா. நீ வா" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். பயந்தவன் அப்படித் தூங்கமாட்டான். உனக்குப் பயமில்லை, வெட்கம். எனக்கு அது அன்றைக்கே தெரியும். இந்தத் தடவை தெரிந்துகொள்ள இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கல்யாணம் ஆகப்போகிறவன் நீ. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான். வெட்கப்பட்டால் வெட்கத்தோடேயே அவள் முன்னால் போய் நில். வேறு அறைக்குப் போகாதே. நீ வெட்கத்தால் ஒளிந்தாய் என்பது அடுத்த அறையில் இருப்பவளுக்குத் தெரியாது. தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாய் என்றுதான் அவள் நினைப்பாள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது எனக்குச் செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்கள். நீ பார்த்ததில்லை. முதலில் தோல் உரிந்து எரிந்தது. இப்போது பரவாயில்லை. காலையில் அந்தோணி வந்து வாசலில் நின்று, "கிராணி, டூட்டி!" என்று கத்துவார். அவர் பேசிக்கொண்டே வருவார், நான் நடப்பேன். வலது காலையாவது காப்பாற்ற வேண்டும் இல்லையா? மாத்திரைகளை விடாமல் சாப்பிடுகிறேன். டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிறேன். சில நாள் சாலையில் என்னைப் பார்த்து யாராவது பரிதாபப்படுவார்கள். அவர்கள் போன பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அந்த அமைதி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது போய்விட்டது என்று சொன்னால் பொய்.

கடைசியாக ஒரு விஷயம். மருமகள் மறுபடி கூப்பிட்டு என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். உன் கல்யாணத்துக்கு நான் வர வேண்டும், அதை உன்னிடம் சொல்லக்கூடாது, விமான நிலையத்தில் உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்றாள். பாவம், ஆசையாகத் திட்டம் போட்டிருக்கிறாள். டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். அந்தோணியும் கூட வருகிறார். நான் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சரியாக வராது. எதிர்பாராமல் நான் அந்தக் கதவைத் தாண்டி நடந்து வந்தால், உன் கண் முதலில் என் கால்சட்டைக்குப் போகும். அப்புறம் உன் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் உனக்கு அது வேண்டாம். அதனால் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறி இதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலையில் வந்து இறங்குகிறேன். உன் முகத்தைச் சரிசெய்துகொள்ள உனக்குக் கொஞ்சம் நாள் கிடைக்கும். எனக்கும் அது தேவைப்படுகிறது.

யாரையும் அனுப்பாதே. நீயே வா.

உன் அப்பா